அதிகாலை 4:13: போர்க்காலத்தில் நெப்போலியனை எப்படி வரைந்தார்கள்?

நெப்போலியன் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு படங்கள் கூடவே வந்துவிடும். ஒன்றில், முன்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைமேல் அமர்ந்து அவர் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கிறார். மற்றொன்றில், தன் அலுவலறையில் ஒரு கையை வெள்ளை உள்சட்டைக்குள் விட்டபடி நிற்கிறார். "உண்மையிலேயே இப்படித்தான் கடந்தாரா?" என்று முதல் படத்துக்குக் கீழே யாராவது கேட்பார்கள். "வயிற்றுவலியால்தானே கை அங்கே இருக்கிறது?" என்பது இரண்டாவது படத்துக்கான கேள்வி. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: இல்லை.

இரண்டையும் வரைந்தவர் ஒருவரே, ஜாக்-லூயி டேவிட். இரண்டுக்கும் இடையே சுமார் 11 ஆண்டுகள். அந்தக் காலத்தில் பிரான்ஸ் ஏறக்குறைய இடைவிடாமல் போரில் இருந்தது. முதல் படம் வீரத்தைக் காட்டுகிறது, அது மிகைப்படுத்தல் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். இரண்டாவது படம் களைத்துப்போன ஒரு மனிதரைக் காட்டுகிறது. தொந்தி, முடி குறைந்த நெற்றி, சுருங்கிய காலுறை எல்லாம் அதில் உண்டு. அதனாலேயே பலர் அதை நேர்மையான படம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அரசியல் படமாக இவற்றில் திறமையானது அந்த இரண்டாவதுதான். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கே இந்தக் கட்டுரையில் அதிக இடம்.

## முதலில் அடிப்படை: எத்தனை வகைப் படங்கள்?

புகைப்படம் பொதுமக்களுக்கு அறிமுகமானது 1839இல். அதற்கு முன்பு ஆட்சியாளரின் முகம் மக்களிடம் போய்ச் சேர நாணயம், பதக்கம், சிலை, ஓவியம், ஓவியத்தைப் பார்த்துச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் ஆகியவையே வழி. பெரிய ஓவியத்தை நேரில் பார்த்தவர்கள் சில ஆயிரம் பேர் என்றால், அச்சுப் படம் வழியாகப் பார்த்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. நெப்போலியன் காலத்துப் படங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

1. அரசப் படம். கிரீடம், அங்கி, செங்கோலுடன் இருக்கும். தூதரகங்களுக்கும் அரண்மனைகளுக்கும் அனுப்புவதற்காகவே வரையப்படுவது. பிரான்சுவா ஜெரார் வரைந்த முடிசூட்டு அங்கிப் படம் இந்த வகை. அதற்குப் பட்டறைப் பிரதிகள் ஏராளம்.

2. நிகழ்ச்சிப் படம். போர்க்களம், மருத்துவமனை, ஒப்பந்தம் என ஒரு குறிப்பிட்ட நாளைக் காட்டுவது. அரசே கருப்பொருளைச் சொல்லி வரையவைப்பது வழக்கம்.

3. தனியறைப் படம். தலைவர் தனியாக, வேலையின் நடுவே இருப்பார். யாருக்காகவும் நின்று காட்டாதது போன்ற தோற்றம் இருக்கும். அந்தத் தோற்றமே திட்டமிட்டது.

குதிரைப் படம் முதல் இரண்டு வகைகளின் கலவை. அலுவலறைப் படம் மூன்றாம் வகை.

## உட்கார மறுப்பவரை வரைவது எப்படி?

ஓவியரின் முன்னால் மாதிரியாக உட்காரும் பொறுமை நெப்போலியனுக்கு இருந்ததில்லை. 1796இல் மிலானில் அந்த்வான்-ழான் குரோ என்ற ஓவியர் அவரை வரைய முயன்றபோது, மனைவி ஜோசஃபின் அவரைத் தன் மடியில் பிடித்து வைத்துக்கொண்டதால்தான் சில நிமிடங்களாவது முகத்தைப் பார்க்க முடிந்தது என்று உடனிருந்த அதிகாரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். டேவிடுக்குக் கிடைத்ததும் 1798 வாக்கில் ஒரே ஓர் அமர்வு, சுமார் மூன்று மணி நேரம். அப்போது தொடங்கிய படம் முகம் மட்டும் தெளிவாகவும் உடல் வெறும் கோடுகளாகவும் பாதியில் நின்றுபோனது. இப்போது அது லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

குதிரைப் படத்துக்கு உட்காரும்படி டேவிட் கேட்டபோது, மாமனிதர்களின் படம் அவர்களைப் போல இருக்கிறதா என்று யாரும் ஆராய்வதில்லை, அவர்களின் ஆற்றல் அதில் தெரிந்தால் போதும் என்ற பொருளில் பதில் வந்ததாக டேவிடின் மாணவர் எத்தியென் தெலெக்லூஸ் பதிவு செய்துள்ளார். மறுப்பு என்பதோடு இதை வேலைக்கான உத்தரவாகவும் படிக்கலாம்.

ஆள் இல்லாமல் ஆளுயரப் படம் வரைய அன்றைய பட்டறைகள் பின்பற்றிய வழி ஏறத்தாழ இப்படி இருந்தது:

1. முகத்துக்கு, முன்பு போட்ட கோட்டோவியம், பளிங்கு மார்புச் சிலை, பதக்கம் ஆகியவற்றை எடுத்துக்கொள்வார்கள். நெப்போலியனின் பிற்காலப் படங்களில் முகம் ஒன்றுபோலவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிலையிலிருந்து எடுத்த முகத்துக்கு வயது கூடுவதில்லை.

2. உடலுக்கு வேறொருவர் நிற்பார். டேவிட் தன் படங்களில் உடலை முதலில் ஆடையின்றி வரைந்து, எலும்பும் தசையும் சரியாக அமைந்த பிறகே மேலே துணி போர்த்துவார். குதிரைப் படத்துக்கு அவருடைய மகன் ஏணியின் உச்சியில் உட்கார்ந்து கொடுத்தார் என்பது அந்தப் பட்டறையின் செய்தி.

3. உடைக்கு அசல் உடையையே வாங்கிவிடுவார்கள். நெப்போலியன் மாரெங்கோ போரில் அணிந்த சீருடையையும் தொப்பியையும் டேவிட் கேட்டு வாங்கி, மரப்பொம்மைக்கு அணிவித்து வரைந்தார். ஆள் வராவிட்டாலும் பொத்தான் சரியாக இருக்கும்.

4. சிறிய வரைவைப் பெரிதாக்கக் கட்ட முறை. பேனர் வரைபவர்கள் கையாளும் அதே முறைதான்: சிறு படத்தில் சம கட்டங்கள், கான்வாசில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள், ஒவ்வொரு கட்டமாகக் கோடுகளை மாற்றுவது.

5. கான்வாசில் வச்சிரப் பசை தடவி, அதன்மேல் ஈய வெள்ளை கலந்த எண்ணெய்ப் பூச்சு. அது காய்ந்த பிறகு, பழுப்பு நிறத்தில் மெல்லிய முதல் பூச்சில் ஒளியும் நிழலும். பிறகுதான் சாதிலிங்கச் சிவப்பும் பிரஷ்ய நீலமும் காவியும்.

இதில் பிழை நேரும் இடமும் தெரிந்ததுதான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஈய வெள்ளை விரைவாகக் காயும், கறுப்பு மெதுவாகக் காயும். கீழே உள்ள பூச்சு காய்வதற்குள் மேலே எண்ணெய் குறைந்த பூச்சைப் போட்டால், மேல்பகுதி முதலில் இறுகி, அடியில் உள்ளது பிறகு சுருங்கும்போது வெடித்துவிடும். அதனால் கீழே எண்ணெய் குறைவு, மேலே எண்ணெய் அதிகம் என்பது விதி. கருமையின் ஆழத்துக்காக நிலக்கீல் கலந்தவர்களுக்கு இன்னும் மோசம். அது முழுமையாகக் காய்வதே இல்லை. அந்தத் தலைமுறையின் பல படங்களில் இருண்ட பகுதிகள் முதலைத் தோல்போல வெடித்திருப்பது அதனால்தான்.

## 1801: குதிரையா, கோவேறு கழுதையா?

1800 மே மாதம் பிரெஞ்சுப் படை கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய் வழியாக இத்தாலிக்குள் இறங்கியது. படையின் பெரும்பகுதி போன பிறகு, மே 20 அன்று, உள்ளூர் வழிகாட்டி ஒருவர் நடத்திச் செல்ல, நெப்போலியன் கோவேறு கழுதைமேல் கடந்தார். பனிச் சறுக்கலில் குதிரையைவிடக் கோவேறு கழுதைக்குக் கால் உறுதி. விவரம் தெரிந்த எவரும் அதைத்தான் தேர்ந்திருப்பார்கள். ஜூன் 14 அன்று மாரெங்கோவில் ஆஸ்திரியப் படையை அவர் தோற்கடித்தார்.

படத்தைக் கேட்டவர் ஸ்பெயின் மன்னர் நான்காம் கார்லோஸ், தன் மத்ரித் அரண்மனைக்காக. விலை 24,000 லிவ்ர். கையில் வாளோடு வரையலாம் என்பது டேவிடின் எண்ணம். போர்கள் இப்போது வாளால் வெல்லப்படுவதில்லை, சீறும் குதிரைமேல் அமைதியாக இருப்பதுபோல் காட்டுங்கள் என்பது நெப்போலியன் தரப்பின் விருப்பம். படத்தின் இடது கீழ்மூலையில் உள்ள பாறையில் மூன்று பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கும்: போனபார்ட், அதன் கீழே ஹனிபல், பேரரசர் சார்லமேன். மலையைக் கடந்த மூவர். மூவரில் கடைசிப் பெயருக்கு 'பேரரசர்' என்ற பட்டமும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. போனபார்ட் (நெப்போலியனின் குடும்பப் பெயர்) அப்போது முதல் கான்சல், அதாவது குடியரசின் தலைவர் மட்டுமே. பேரரசராவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

இதைப் பொய் என்று குறைசொல்வதில் பெரிய பயன் இல்லை. அன்றைய பார்வையாளருக்கும் இது புகழ்ச்சி என்பது தெரியும். குதிரைமேல் அரசர் என்பது ரோமானியர் காலத்திலிருந்து வரும் மரபு. கோவேறு கழுதையை மீண்டும் கொண்டுவந்தவர் பால் தெலரோஷ். 1848 முதல் 1850 வரையிலான காலத்தில் அவர் வரைந்த படத்தில், குளிரில் ஒடுங்கிய நெப்போலியனை வழிகாட்டி ஒருவர் இழுத்துச் செல்கிறார். அதற்குள் நெப்போலியன் இறந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

## 1808: பிணங்களை மறைக்க முடியாதபோது

1807 பிப்ரவரி 7, 8 தேதிகளில் கிழக்குப் பிரஷ்யாவில் ஐலாவ் என்ற ஊரில் ரஷ்யர்களோடு நடந்த சண்டையில், பனிக்கு நடுவே இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வெற்றி என்று அறிவித்தாலும் செய்தி பாரிசுக்குக் கசிந்துவிட்டது. அருங்காட்சியக இயக்குநர் விவான் தெனோன் ஓவியப் போட்டி ஒன்றை அறிவித்தார். எந்தத் தருணத்தை வரைய வேண்டும், நெப்போலியனின் முகபாவம் எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை எழுத்தில் கொடுத்தார். தருணம், சண்டைக்கு மறுநாள் காலை. பேரரசர் களத்தைச் சுற்றிப் பார்க்கிறார், காயம்பட்ட எதிரிகளுக்கும் சிகிச்சை நடக்கிறது.

வென்றவர் குரோ, பரிசு 16,000 பிராங்க். நெப்போலியன் களத்தில் அணிந்த மேலங்கியும் தொப்பியும் அவருக்குக் கொடுக்கப்பட்டன. 5 மீட்டருக்கு மேல் உயரமும் ஏறத்தாழ 8 மீட்டர் அகலமும் உள்ள அந்தப் படத்தின் முன்வரிசையில், பனி உறைந்த பிணங்கள் ஆளைவிடப் பெரிய அளவில் கிடக்கின்றன. அரசே கேட்டு வரைந்த படத்தில் இவ்வளவு பிணங்களா என்று தோன்றலாம். சாவுகளை மறுத்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்ற நிலை. ஆகவே படம் சாவுகளை ஒப்புக்கொள்கிறது, ஆனால் கேள்வியை மாற்றிவிடுகிறது. 'இவர்களை இங்கே கொண்டுவந்தது யார்?' என்று கேட்க வேண்டியவர், 'இவர்களைப் பார்த்து வருந்துவது யார்?' என்று கேட்டுக்கொண்டு படத்தைவிட்டு நகர்கிறார்.

அலுவலறைப் படம் இதே உத்தியைச் சத்தமில்லாமல் செய்கிறது.

## 1812: அறைக்குள் என்னென்ன இருக்கிறது?

'ட்யூலரி அரண்மனை அலுவலறையில் பேரரசர் நெப்போலியன்' என்பது படத்தின் தலைப்பு. உயரம் 203.9 செ.மீ., அகலம் 125.1 செ.மீ. ஏறக்குறைய ஆளுயரம். நெப்போலியனுக்கு அப்போது வயது 42. படத்தில் உள்ள பொருள்களை வரிசையாகப் பார்க்கலாம்.

1. கடிகாரம். முள் 4:13 காட்டுகிறது. மாலை இல்லை, விடியலுக்கு முன்.

2. மெழுகுவத்திகள். மேசைமேல் உருகித் தீரும் நிலையில் இருக்கின்றன. கடிகாரம் மட்டும் இருந்திருந்தால் நேரம் பகலா இரவா என்ற ஐயம் வரும். மெழுகுவத்தி அதைத் தீர்க்கிறது.

3. மேசைமேல் தாள்கள், இறகுப் பேனா. ஒரு சுருளில் 'கோட்' (Code) என்ற சொல்லின் முதல் எழுத்துகள் தெரிகின்றன. அது நெப்போலியன் பெயரால் வழங்கும் குடிமைச் சட்டத் தொகுப்பு.

4. நாற்காலி, அதன்மேல் வாள். நாற்காலித் துணியில் தங்கத் தேனீக்கள். 1653இல் தூர்னே நகரில், பிராங்கு மன்னர் முதலாம் சில்டெரிக்கின் கல்லறையைத் தோண்டியபோது தங்கப் பூச்சிகள் கிடைத்தன. புரட்சிக்கு முன் பிரான்சை ஆண்ட பூர்போன் அரச குலத்தின் அல்லிச் சின்னத்தைவிடப் பழைய சின்னம் தேவைப்பட்டதால் நெப்போலியன் அதை எடுத்துக்கொண்டார்.

5. மேசைக்கு அடியில், பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூல். அலெக்சாண்டர், சீசர் போன்றோரின் வரலாறு அதில் உண்டு. பாறையில் செதுக்கிய பெயர்கள் செய்த வேலையை இங்கே தரையில் கிடக்கும் ஒரு புத்தகம் செய்கிறது.

6. சீருடை. பேரரசுக் காவல்படையின் காலாள் கிரெனடியர் பிரிவின் கர்னலுக்குரிய நீலச் சட்டை, வெள்ளை முகப்பு. மார்பில் லெஜியன் த'ஆனர், இரும்புக் கிரீட விருதுகள். ஆனால் கைமடிப்பின் பொத்தான் போடவில்லை, காலுறை சுருங்கியிருக்கிறது, முடி கலைந்திருக்கிறது.

இவை எல்லாம் சேர்ந்து ஒரு கதை சொல்கின்றன. அந்தக் கதையை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. படத்தை வாங்கியவருக்கு 1812 மே மாதம் டேவிடே எழுதிவிட்டார்: பேரரசர் இரவு முழுக்கச் சட்டத் தொகுப்பை எழுதிக்கொண்டிருந்தார். மெழுகுவத்தி அணையப் போவதையும் கடிகாரம் நான்கு அடித்ததையும் கண்டுதான் விடியல் நெருங்கிவிட்டதை உணர்ந்தார். இப்போது வாளைக் கட்டிக்கொண்டு படையைப் பார்வையிடப் போகிறார்.

ஒரு படத்துக்குள் மூன்று வேலைகள். மேசை நிர்வாகியைக் காட்டுகிறது, நாற்காலி பேரரசரை, வாளும் சீருடையும் படைத்தலைவரை. வாள் இடுப்பில் இல்லாமல் நாற்காலியில் கிடப்பது முக்கியம். போர் இருக்கிறது, ஆனால் இன்னும் கையில் எடுக்கவில்லை என்கிறது படம்.

## படத்துக்கு வெளியே இருந்தவை

சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது 1804 மார்ச் 21இல். அதற்கான வரைவுக் குழு 1800இல் அமைக்கப்பட்டது. அதில் போர்த்தலிஸ், த்ரோன்ஷே, பிகோ த பிரேயாமெனூ, மால்வீல் என்ற நான்கு சட்ட வல்லுநர்கள். மொத்தம் 2,281 பிரிவுகள். அரசு மன்றத்தில் அது விவாதிக்கப்பட்ட அமர்வுகளில் பாதிக்கு மேல் நெப்போலியன் தலைமை வகித்தார், வாதாடவும் செய்தார். அவருடைய பங்கு சிறியதன்று. ஆனால் 1812இல், மெழுகுவத்தி வெளிச்சத்தில், இரவு கண்விழித்து எழுத அதில் எதுவும் மிச்சமிருக்கவில்லை. எட்டு ஆண்டு பழைய வேலையை டேவிட் அந்த ஆண்டின் இரவுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

1812 வசந்த காலத்தில் அந்த மேசையில் உண்மையில் இருந்திருக்கக்கூடியவை ரஷ்யப் படையெடுப்புக்கான பட்டியல்கள்: வண்டி, குதிரைத் தீவனம், ரொட்டி. 1808 முதல் ஸ்பெயினில் முடிவில்லாத சண்டை நடந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டின் விளைச்சல் பொய்த்து பிரான்சில் ரொட்டி விலை ஏறியிருந்தது. மே 9 அன்று நெப்போலியன் பாரிசைவிட்டுப் புறப்பட்டார். ஜூன் 24 அன்று படை நீமன் ஆற்றைக் கடந்து ரஷ்ய எல்லைக்குள் நுழைந்தது. ஆண்டு முடிவதற்குள் அந்தப் படையின் பெரும்பகுதி இல்லை.

கலைந்த முடியும் தொந்தியும் இந்த இடத்தில்தான் பயன்படுகின்றன. பார்ப்பவருக்குத் தன் கண்ணால் சரிபார்க்கக்கூடிய சிறு உண்மைகள் சில கிடைக்கின்றன. அழகுபடுத்தாமல் வரைந்திருக்கிறார் என்று அவர் முடிவு செய்கிறார். அந்த நம்பிக்கை, சரிபார்க்க முடியாத பெரிய கூற்றுக்கும் நீள்கிறது: இந்த மனிதர் இரவெல்லாம் உங்களுக்காகச் சட்டம் எழுதுகிறார். குதிரைப் படத்தில் இந்த வசதி இல்லை. அங்கே எல்லாமே மிகை, ஆகவே எதையும் முழுதாக நம்ப வேண்டியதில்லை. அலுவலறைப் படத்தைப் பார்த்த நெப்போலியன், தான் இரவில் குடிமக்களின் நலனுக்கும் பகலில் அவர்களின் புகழுக்கும் உழைப்பதை டேவிட் புரிந்துகொண்டதாகப் பாராட்டினார் என்றொரு செய்தி வழங்கிவருகிறது. சொன்னாரோ இல்லையோ, படத்தின் பொருளுரை அதுதான். இதற்கும் அவர் மாதிரியாக நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொத்தான் போடாத கைமடிப்பு யாரும் பார்த்து வரைந்தது இல்லை, பட்டறையில் முடிவு செய்தது.

## வாங்கியவர் எதிரி நாட்டுக்காரர்

படத்தைக் கேட்டது பிரெஞ்சு அரசு இல்லை. அலெக்சாண்டர் டக்ளஸ்-ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு. பின்னாளில் அவர் பத்தாவது ஹாமில்டன் கோமகன் ஆனார். பிரிட்டனின் சார்பில் ரஷ்யாவுக்குத் தூதராகப் போயிருந்தவர், கலைப்பொருள் சேகரிப்பாளர், நெப்போலியனை வியந்தவர். 1811இல் அவர் டேவிடுக்கு எழுதினார். தொகை 1,000 கினி, அதாவது 1,050 பவுண்டு.

அப்போது பிரிட்டனும் பிரான்சும் போரில் இருந்தன. 1806 நவம்பர் 21 பெர்லின் ஆணையால் பிரிட்டனோடு எந்த வணிகமும் கூடாது என்று நெப்போலியனே தடை விதித்திருந்தார். அந்தத் தடை நடப்பில் இருக்கும்போதே, தடை போட்டவரின் படத்தைத் தடை செய்யப்பட்ட நாட்டுக்காரருக்கு அவருடைய தலைமை ஓவியர் வரைந்து விற்கிறார்.

வாங்குபவர் யார் என்பது படத்தின் உள்ளடக்கத்தையும் பாதித்திருக்க வேண்டும் என்பது என் வாசிப்பு. பிரிட்டனில் ஒருவர் வீட்டுச் சுவரில், குதிரைமேல் பாயும் நெப்போலியனைத் தொங்கவிடுவது சிக்கல். சட்டம் எழுதும் நெப்போலியனை வைத்துக்கொள்வதில் சங்கடம் குறைவு. கிளாஸ்கோ அருகே இருந்த ஹாமில்டன் அரண்மனையில் அது தொங்கியது. 1882இல் அந்த அரண்மனையின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது படமும் கைமாறியது. கடைசியில் கிரெஸ் அறக்கட்டளை வழியாக 1961இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குச் சேர்ந்தது. ட்யூலரி அரண்மனை 1871 பாரிஸ் கம்யூன் எழுச்சியின்போது எரிந்துபோனது.

## அந்தக் கை

கையை உள்சட்டைக்குள் விடுவது நெப்போலியன் தொடங்கிய பழக்கம் இல்லை. நாகரிக நடத்தை பற்றி பிரான்சுவா நிவெலோன் 1737இல் லண்டனில் வெளியிட்ட கையேடு, ஆண்மையும் அடக்கமும் சேர்ந்த நிலை என்று அதைச் சொல்லிக்கொடுக்கிறது. அந்த நூற்றாண்டில் ஆங்கிலேயப் பிரபுக்கள் பலர் அப்படித்தான் வரையப்பட்டார்கள். இன்னும் பின்னால் போனால், கிரேக்கப் பேச்சாளர் ஈஸ்கினஸின் சிலை கையைப் போர்வைக்குள் வைத்திருக்கிறது. பேசும்போது கையை வீசாமல் இருப்பது கட்டுப்பாட்டின் அடையாளம்.

நெப்போலியன் 1821 மே 5 அன்று இறந்தார். உடற்கூறாய்வில் வயிற்று நோய் தெரிந்தது. அதைப் பின்னோக்கி ஓட்டி, படத்தில் இருந்த கைக்குக் காரணமாக்கிவிட்டார்கள். குதிரைப் படத்தில் வானைச் சுட்டிய கை இங்கே உள்ளே போய்விட்டது. கட்டளையிடும் படைத்தலைவர் தன்னை அடக்கிக்கொண்ட ஆட்சியாளராக மாறியதைக் காட்ட அந்த மாற்றம் போதுமானது. கையை வரைவது கடினம், அதை மறைத்துவிட்டால் ஓவியருக்கு வேலை மிச்சம் என்ற பட்டறைக் கேலியும் உண்டு. டேவிட் அளவுக்கு வரையத் தெரிந்தவருக்கு அது பொருந்தாது.

## புகைப்படம் வந்த பிறகு: லிங்கன், 1864

புகைப்படம் வந்ததும் இந்த வகை ஓவியம் முடிந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1864 பிப்ரவரியில், பிரான்சிஸ் பிக்னெல் கார்பென்டர் என்ற ஓவியர் வெள்ளை மாளிகையின் விருந்துக்கூடத்தைப் பட்டறையாக்கிக்கொண்டு சுமார் ஆறு மாதம் அங்கேயே வேலை செய்தார். அடிமை விடுதலைப் பிரகடனத்தின் வரைவை 1862 ஜூலை 22 அன்று லிங்கன் தன் அமைச்சரவைக்கு முதன்முதலாக வாசித்த காட்சியே படம். அகலம் 15 அடி, உயரம் 9 அடி.

டேவிடுக்குக் கிடைக்காத எல்லாம் கார்பென்டருக்குக் கிடைத்தது. லிங்கன் அருகிலேயே இருந்தார், அமைச்சர்கள் மாதிரியாக உட்கார்ந்தார்கள். உதவிக்குப் புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. 1864 பிப்ரவரி 9 அன்று பிரேடி புகைப்பட நிலையத்தில் அந்தோனி பெர்கர் எடுத்த படங்களை ஒட்டியதே 5 டாலர் நோட்டில் உள்ள லிங்கனின் முகம். முகங்கள் துல்லியம். நாற்காலிகளின் வரிசையும் யோசித்துப் போடப்பட்டது: தீவிரப் போக்குள்ள ஸ்டான்டனும் சேசும் லிங்கனின் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம், நடுவில் தாளோடு அவர்.

அந்தத் தாளுக்கு அன்று என்ன ஆனது என்பது படத்தில் இல்லை. தோல்விகளுக்கு நடுவே இதை வெளியிட்டால் கடைசிக் கூக்குரலாகத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்றார் வெளியுறவு அமைச்சர் சூவர்ட். லிங்கன் அதை ஏற்று, வரைவை இரண்டு மாதம் எடுத்து வைத்துவிட்டார். செப்டம்பர் 17 ஆன்டீட்டம் சண்டைக்குப் பிறகு, 22ஆம் தேதிதான் முன்னறிவிப்புப் பிரகடனம் வெளியானது. முகங்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும், எந்த நிமிடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் ஓவியருக்குள்ள உரிமை அப்படியே இருந்தது.

## எந்தப் படம் எது?

இணையத்தில் இந்தப் படங்களுக்குத் தவறான குறிப்பு போடுவது சாதாரணம். டேவிடின் இரண்டு ஓவியங்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் இருப்பதே காரணம்.

1. அலுவலறைப் படம், நீலச் சட்டை: ஹாமில்டனுக்காக வரைந்தது, வாஷிங்டனில் உள்ளது.

2. அலுவலறைப் படம், பச்சைச் சட்டை: டேவிட் தன்னிடமே வைத்துக்கொண்ட இரண்டாம் பதிப்பு, இப்போது வெர்சாயில். சீருடை குதிரைப்படைச் சாசர் பிரிவுக்குரியது. இதை ஹாமில்டன் படம் என்று எழுதியிருந்தால் தவறு.

3. குதிரைப் படம், மஞ்சள் சாயல் போர்வை: ஸ்பெயின் மன்னருக்கான முதல் பதிப்பு, 1801. நெப்போலியனின் அண்ணன் ஜோசஃப் ஸ்பெயினைவிட்டுப் போகும்போது எடுத்துச் சென்றார். இப்போது பாரிசுக்கு அருகே மால்மேசோனில் உள்ளது.

4. குதிரைப் படம், சிவப்புப் போர்வை, செம்பழுப்புக் குதிரை: பெர்லின் ஷார்லோட்டன்பர்க் அரண்மனைப் பதிப்பு. 1814இல் பிரஷ்யர்கள் செயின்ட்-குளூ அரண்மனையிலிருந்து எடுத்துச் சென்றது.

5. மீதி மூன்றில் இரண்டு வெர்சாயில், ஒன்று வியன்னா பெல்வெடேர் அரண்மனையில். வியன்னாவில் உள்ளது முதலில் மிலானுக்காக வரையப்பட்டது. இந்த மூன்றையும் நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முயல வேண்டாம். ஸ்கேன் செய்தவரின் வண்ண அமைப்புக்கு ஏற்பச் சிவப்பு ஆரஞ்சாகவும், சாம்பல் குதிரை வெள்ளையாகவும் மாறிவிடும். படத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தப் பக்கத்தில் உள்ள அளவையும் ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பிழையில்லாத வழி.